கைக்குழந்தை இருக்கும் வீட்டில் போன், வைஃபை கதிர்வீச்சை எப்படிக் குறைப்பது?

பக்கத்து வளவில் போன் கோபுரம், ஹோலில் சிம் ரூட்டர், படுக்கும்போது தலைமாட்டில் போன். இதில் எதை முதலில் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். போனைத்தான்; உடம்புக்கு ஆகக் கிட்ட இருப்பது அதுதான்.

2019இல் யாழ் நகரில் அன்ரெனா பொருத்தும் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நட்டபோது எழுந்த கதிர்வீச்சுப் பயம் இன்னும் பலருக்குப் போகவில்லை. ஆனால் கோபுரத்து அன்ரெனா அலையைப் பெரும்பாலும் கிடையாகத் தூரத்துக்குத்தான் வீசும். அடியில் இருக்கும் வீட்டுக்கு வருவது சொற்பம். கோபுரம் கிட்ட இருந்தால் உங்கள் போனும் குறைந்த வலுவில் வேலை செய்யும். எனவே சிக்னல் இல்லாத வீட்டைத் தேடிப் போவதில் நன்மை இல்லை.

போன், வைஃபை அலைகள் எக்ஸ்ரே போல அணுவிலிருந்து இலத்திரனைப் பிரிக்கும் கதிர்கள் அல்ல. உறுதியாகத் தெரிந்த விளைவு உடல் இழையம் சற்றுச் சூடாவதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் இவற்றை 2பி வகையில், அதாவது புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியத்தை மறுக்க முடியாதவற்றுள் வைத்தது. அதனால் செலவில்லாமல் குறைக்க முடிந்ததைக் குறைப்பது நியாயமானதே.

4ஜி போனின் உச்ச வலு சுமார் 200 மில்லிவாற்று. அதைத் தொடுவது சிக்னல் மோசமான இடத்தில்தான். அன்ட்ரொய்ட் போனில் செற்றிங்ஸில் 'அபௌட் போன்', பிறகு 'சிம் ஸ்ரேற்றஸ்' திறந்தால் சிக்னல் அளவு டி.பி.எம். (dBm) என்ற அலகில் மறை எண்ணாகத் தெரியும்; பூச்சியத்துக்குக் கிட்ட வர வர சிக்னல் நல்லது. அதைப் பார்த்தபடி வீட்டைச் சுற்றி நடவுங்கள். விறாந்தையில் −85 காட்டும் போன், தகரக் கூரைக்குக் கீழேயோ கொங்கிரீற் பிளேட் போட்ட உள்ளறையில் இரும்பு அலுமாரிக்குப் பக்கத்திலோ −115 காட்டலாம். ஒவ்வொரு 10 இறக்கத்துக்கும் வந்துசேரும் சிக்னல் பத்தில் ஒன்றாகிறது. போன் அதை ஈடுகட்டத் தன் வலுவை ஏற்றும். ஆகவே நீண்ட நேரம் கதைப்பதென்றால் விறாந்தைக்கு வாருங்கள். ஸ்பீக்கரிலோ வயர் இயர்போனிலோ கதைத்து, போனை 30 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் தலைக்கு மேலே போனைப் பிடித்துக் கதைப்பதை நிறுத்துங்கள். வீட்டில் ஒன்றை மட்டும் மாற்ற முடியுமென்றால் அது இதுதான்.

இரவில் ஏரோபிளேன் மோட் போடலாம், அலாரம் அடிக்கும். ஆனால் முன்பு அந்த மோடிலேயே வைஃபை, புளூடூத்தைத் திரும்பப் போட்டிருந்தால் சில போன்கள் அவற்றை அணைக்காது. மேலே ஐகனைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

சிம் ரூட்டர் இரண்டு வேலை செய்கிறது: வீட்டுக்குள் வைஃபை, வெளியே கோபுரத்தோடு 4ஜி. அதைக் கட்டிலிலிருந்து 2 மீற்றருக்கு அப்பால், கோபுரம் இருக்கும் பக்க ஜன்னலோரம் உயரமாக வையுங்கள். 100 மில்லிவாற்று வைஃபை இடைவிடாமல் வீசினாலும், அந்தத் தூரத்தில் வருவது சர்வதேச எல்லையான சதுர மீற்றருக்கு 10 வாற்றில் ஏறக்குறைய 5,000இல் ஒரு பங்கு. செற்றிங்ஸில் 'ட்ரான்ஸ்மிட் பவர்' இருந்தால் பாதியாக்கலாம். குசினியில் வேகம் படுத்துவிட்டால் திரும்ப ஏற்றுங்கள். மெதுவான இணைப்பில் அதே வீடியோவுக்கு எல்லாக் கருவிகளும் அதிக நேரம் அலை வீச வேண்டிவரும்.

இரவில் பிளக்கைக் கழற்றுவதைவிட வைஃபைக்கு நேர அட்டவணை போடுவது நல்லது. குறிப்பாக ஃபைபர் இணைப்பில் பிளக்கைக் கழற்றினால் வீட்டுத் தொலைபேசியும் செத்துவிடும், அவசரத்துக்கு உதவாது. ரீவியையும் மேசைக் கணினியையும் கேபிளில் இணைத்து அவற்றின் வைஃபையை அணையுங்கள்.

கதிர்வீச்சைத் தடுப்பதாக விற்கும் ஸ்ரிக்கர், சிப் எதையும் வாங்காதீர்கள். அன்ரெனாவை மறைக்காத ஸ்ரிக்கர் எதையும் செய்யாது. மறைப்பது போனின் வலுவைக் கூட்டும். ரூட்டரை இரும்புப் பெட்டியில் மூடுவதும் அப்படித்தான்.

வயரில்லாத வீட்டுத் தொலைபேசி இருந்தால் அதன் அடித்தட்டையும் பாருங்கள். பழைய வகைகள் யாரும் கதைக்காதபோதும் 24 மணிநேரமும் அலை வீசும். அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காமல் ஹோலுக்கு மாற்றுங்கள், அல்லது வயர் உள்ள போனைப் பாவியுங்கள்.