சிவப்புச் சொட்டு எங்கிருந்து? பழைய ஆட்டோ கியர் கார்களுக்கு ஒரு கேள்வி பதில்

பத்து வருடம் ஓடிய காருக்கு சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்துவிட்டு, மறுமாதமே கார் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறையைப் பார்த்துப் பதறுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் கறுத்த கை இது. இப்போது கைக்கு ஓய்வு, வாய்க்கு இல்லை. கேளுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): அண்ணே, 2009 செடான். காலையில் காரை எடுத்தால் கீழே நாலைந்து சொட்டு. கியர் ஆயிலா இன்ஜின் ஆயிலா, எப்படித் தெரிந்துகொள்வது?

ராத்திரி காரை நிறுத்தியதும் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வையுங்கள் தம்பி. பழைய பெட்டியைப் பிரித்தால் போதும். சிமெண்ட் தரையில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும், அட்டையில்தான் நிறம் பேசும். சிவப்போ செம்பழுப்போ என்றால் கியர் ஆயில். தேன் நிறமோ கறுப்போ என்றால் இன்ஜின் ஆயில். பச்சை அல்லது இளஞ்சிவப்பாக, தண்ணீர் போல இருந்து இனிப்பு வாடை வந்தால் ரேடியேட்டர் தண்ணீர். நிறமே இல்லாவிட்டால் ஏர்கான் தண்ணீர், நிம்மதியாகத் தூங்குங்கள்.

சிவப்பு என்றதும் கியர்பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டீரிங் உள்ள பழைய கார்கள் பலவற்றில் அதற்கும் இதே ஆட்டோ கியர் ஆயில்தான் (ஏடிஎஃப்). நானே ஏமாந்திருக்கிறேன். என் சொந்தக் காரில் டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ஆயில் சீலை மாற்றிவிட்டு, மறுநாளும் சொட்டுவதைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். மேலே பவர் ஸ்டீரிங் ஹோஸில் கசிந்தது, ஷாஃப்ட் மேல் விழுந்து, அதன் வழியாக இறங்கியிருக்கிறது. பவர் ஸ்டீரிங் டப்பாவின் அளவைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அதைச் செய்யாததற்கு அரை நாள் வேலை வீண்.

கேள்வி (ஈசூன்): சிவப்புதான், பவர் ஸ்டீரிங் அளவும் சரியாக இருக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பான் கேஸ்கெட் (கியர்பாக்ஸின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டில் கசிவைத் தடுக்கும் பட்டை) என்கிறார்கள், இன்னொன்றில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். யாரை நம்புவது?

கழுவிப் பார்க்காமல் சொன்னவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. எண்ணெய் கீழே ஓடும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். பானின் பின்மூலையில் ஈரம் இருந்தால், ஓட்டை அதற்கு மேலேயோ முன்னேயோ இருக்கலாம்.

முதலில் கியர்பாக்ஸை நன்றாகக் கழுவித் துடைத்து உலர விடச் சொல்லுங்கள். பழைய அழுக்கு மேல் புதுக் கசிவைத் தேடுவது மழையில் வேர்வையைத் தேடுகிற மாதிரி. பிறகு இருபது நிமிடம் ஓட்டுங்கள். விரைவுச்சாலையில் மட்டும் இல்லாமல், நின்று நின்று போகும் சாலையிலும் ஓட்ட வேண்டும். சில சீல்கள் சூடு ஏறினால்தான் கசியும். திரும்பி வந்ததும் காரை லிஃப்ட்டில் ஏற்றி, ஈரம் உள்ள இடங்களில் எது ஆக மேலே, ஆக முன்னே இருக்கிறது என்று பாருங்கள். அங்கேதான் ஆள் ஒளிந்திருப்பார்.

பானின் விளிம்பைச் சுற்றி ஈரம் என்றால் கேஸ்கெட். அடியில் எண்ணெயை இறக்கும் நட்டைச் சுற்றி மட்டும் என்றால் வாஷர், சில்லறைச் செலவு. கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு கியர் ஆயில் ஹோஸ்களின் முனைகளையும் விரலால் தடவுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ரப்பர் காய்ந்து இறுகிவிடும், கிளிப் பிடிக்காது. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாயின் அடியில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), வேக சென்சாருக்கு ஒரு ஓ-ரிங், கியர் லீவர் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சீல், இரண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட் சீல்கள். இவை எதற்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

இறக்க வேண்டியது, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து வந்தால். அங்கேயும் நிறம் பாருங்கள். சிவப்பு என்றால், இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பக்கத்து சீல், கறுப்பு என்றால் இன்ஜினின் பின் சீல். எதற்காக இறக்கினாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இன்னொரு தடவை இறக்கக் கூலி கொடுக்க யாருக்கும் மனசு வராது.

அப்படியும் பிடிபடாவிட்டால் எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயம் இருக்கிறது. கொஞ்சம் ஊற்றி ஒன்றிரண்டு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கசிவு பச்சையாகப் பளிச்சிடும். இதையெல்லாம் பார்க்க புளோக் கார்பார்க்கில் ஜாக் போட்டு அடியில் படுக்காதீர்கள். ஜாக் நழுவினால் சீலைப் பற்றிய கவலையே இருக்காது.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): போன வாரம்தான் கியர் ஆயில் மாற்றினேன். அதற்குப் பிறகுதான் சொட்டுகிறது.

பழைய வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது பான் போல்ட்டை முறுக்கி விளிம்பை வளைத்திருப்பார்கள், அல்லது அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள். எண்ணெய் கூடினால் நுரைத்து, மேலே உள்ள காற்றுத் துளை வழியாக வழியும். அது சீல் கசிவு மாதிரியே தெரியும்.

கேள்வி (செங்காங்): அண்ணா, டிப்ஸ்டிக்கில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டுகிறதே?

பார்க்கும் முறை காருக்குக் கார் மாறும் தங்கச்சி. டொயோட்டாவில் டிப்ஸ்டிக் இருந்தால், வண்டியைச் சூடாக ஓட்டி, கியரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்தி பி-யில் வைத்து, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் சூடான பிறகு இன்ஜினை அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். உங்கள் காருக்கு உரிய முறையைக் கையேட்டில் பாருங்கள். ஊற்றும் எண்ணெயும் கையேட்டில் சொன்னதாகவே இருக்கட்டும், சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோ கியர்பாக்ஸ்) என்றால் கட்டாயம் அதற்கானது.

கேள்வி (பிடோக்): கீழே சொட்டே இல்லை. ஆனால் ரேடியேட்டர் டப்பாவில் தண்ணீர் பண்டுங் (ரோஸ் சிரப் கலந்த பால்) நிறத்தில் இருக்கிறது.

வண்டியை எடுக்காதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். பல கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்கு உள்ளேயே போகிறது. அது ஓட்டையானால் எண்ணெய் தண்ணீரில் கலக்கும், தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போகும். உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் படலத்தைத் தண்ணீர் ஊறவைத்து உரித்துவிடும். ரேடியேட்டரோடு போக வேண்டிய செலவு கியர்பாக்ஸ் வரை போவதும் போகாததும், நீங்கள் இப்போது சாவியைத் திருப்புவதில் இருக்கிறது.

கேள்வி (புக்கிட் தீமா): 1980களின் ஜெர்மன் கார் ஒன்று வைத்திருக்கிறேன். கியர் ஆயில் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை, புகை மட்டும் வெள்ளையாக வருகிறது.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்! அந்தக் காலத்துக் கியர்பாக்ஸ் சிலவற்றில் இன்ஜின் உறிஞ்சும் காற்றை வைத்து அழுத்தத்தைச் சரிசெய்யும் வேக்குவம் மாடுலேட்டர் இருக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால், இன்ஜின் கியர் ஆயிலைக் குடித்துப் புகையாக விடும். அதற்குப் போகும் சின்ன ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஈரம் இருந்தால் அதுதான். இன்ஜினைப் பிரிக்கச் சொன்னவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): சிஓஇ முடிய எட்டு மாதம்தான். கசிவை நிறுத்தும் மருந்து ஊற்றினால் போதாதா? அடுத்த வாரம் பினாங்கு வேறு போக வேண்டும்.

எட்டு மாதத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. இறுகிப்போன ரப்பர் சீலை அந்த மருந்து கொஞ்சம் ஊதவைக்கும், சில மாதம் தாங்கலாம். கிழிந்த ஹோஸுக்கும் வளைந்த பானுக்கும் அது வெறும் தண்ணீர். ஆனால் பத்து வருடம் தாண்டிய காருக்கு வருடா வருடம் பரிசோதனை உண்டு, எட்டு மாதத்துக்குள் அது வருகிறதா என்று பாருங்கள்.

பினாங்குக்கு இந்தக் காரை எடுக்காதீர்கள். ஜொகூர் கடற்பாலத்து நெரிசலில் ஊர்ந்து, பிறகு மணிக்கணக்காக நெடுஞ்சாலை. எண்ணெய் குறைந்தால் முதலில் டி-யில் போட்டதும் வண்டி யோசித்து நகரும், அப்புறம் இன்ஜின் மட்டும் சீறும், வண்டி போகாது. சூடான புகைக்குழாயில் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். பஸ்ஸில் போய் வாருங்கள். வந்து கழுவிப் பார்க்கலாம்.