கால் முறிந்தால் கிண்ணம் போச்சா?

கேள்வி: உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்கு முன் முக்கிய வீரருக்குக் காயம் என்றால் அந்த அணியின் கதை முடிந்ததா? – வாசகர், குருநகர்

பதில்: 2014 ஜூன் 6ஆம் தேதி, ஆர்மேனியாவுடனான ஆட்டத்தில் ஜேர்மனியின் மார்க்கோ ரொய்ஸின் கணுக்கால் பிசகியது. உலகக் கிண்ணம் தொடங்க ஆறே நாள். ஆனால் அவர் இல்லாமலே ஜேர்மனி கிண்ணத்தைத் தூக்கியது. இறுதியாட்டத்தில் கோல் போட்ட கோட்ஸே, ரொய்ஸின் மேலாடையைக் கையில் பிடித்துக் காட்டினார். 2022இல் செனகலுக்கு அதன் முக்கிய வீரர் சாடியோ மானே காயத்தால் இல்லை. முதல் சுற்றைத் தாண்டினார்கள்; பிறகு இங்கிலாந்திடம் 0-3.

எனக்குப் பயம் காயத்தில் இல்லை, அரைகுறையாக ஆறிய காலோடு இறங்குவதில்தான். 2002 ஏப்ரலில் இங்கிலாந்தின் பெக்கமின் பாத எலும்பு முறிந்தது. எப்படியோ உலகக் கிண்ணத்துக்காக ஜப்பானுக்குப் போய்விட்டார். பிரேசிலுடனான காலிறுதியில், கோட்டோரம் எதிரணியினர் சறுக்கி வர, துள்ளி விலகினார். அந்தப் பந்திலிருந்தே பிரேசிலின் முதல் கோல் வந்தது. காலைக் காக்கத்தான் துள்ளினார் என்று அன்றே பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏனென்றால் நானும் துள்ளியவன். பள்ளிக்கூட இறுதியாட்டத்துக்கு ஒரு கிழமை முன் கணுக்கால் சுளுக்கியது. அம்மா முறிவு வைத்தியரிடம் கூட்டிப்போனா. எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டினார், "ஓடாதை தம்பி" என்றார். ஓடினேன். பந்து வந்த பக்கமெல்லாம் என் கால் பின்னால் போனது. இடைவேளையில் என்னை வெளியே எடுத்தார்கள். எனக்குப் பதிலாக இறங்கிய பெடியன்தான் கோல் போட்டான். இன்றைக்கும் சந்தையில் கண்டால் அதைச் சொல்லாமல் விடமாட்டான்!