ஆர்.வி. வண்டியில் ஃப்ரிட்ஜையும் ஃப்ரீசரையும் சரியான குளிரில் வைத்திருப்பது எப்படி?

உங்கள் ஆர்.வி.யில், அதாவது தங்கிச் சமைத்துக்கொண்டே பயணிக்கும் வீட்டு வண்டியில், ஃப்ரிட்ஜின் கீழ்ப்பெட்டியில் கீரை உறைந்து போகிறது, மேலே ஃப்ரீசரிலோ ஐஸ்கிரீம் இளகிக் கிடக்கிறது, குளிரைக் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டில் ஒன்று கெடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபீனிக்ஸில் வசிக்கும் நாங்கள் சில ஆண்டுகளாக ஒரு சிறிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு அரிசோனாவைச் சுற்றி வருகிறோம். முதல் கோடையில் எங்களுக்கும் இதே தொல்லைதான் இருந்தது. புறப்பட்ட இரண்டாம் நாள் காலையில் ஃப்ரிட்ஜுக்குள் இட்லி மாவு பொங்கி வழிந்திருந்ததைப் பார்த்தபோதுதான், உள்ளே குளிரே இல்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. மாவு புளித்துப் பொங்கும் சூட்டில் இரவு முழுவதும் இருந்த கோழிக்கறியை அப்படியே குப்பையில் போட்டோம்.

உங்களுடையது புரொப்பேன் எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் வகை என்று நீங்கள் எழுதியிருப்பதால், அது வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஃப்ரிட்ஜில் உள்ள கம்பிரசர் இதில் கிடையாது. 1922ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபோன் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இருவர் உருவாக்கிய முறை இது. அம்மோனியா கரைந்த நீரைச் சுடரோ மின்சூடேற்றியோ கொதிக்க வைக்கிறது. பிரிந்து மேலேறும் அம்மோனியா ஆவி, பெட்டியின் பின்புறக் குழாய்களில் தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு விட்டுவிட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் ஹைட்ரஜன் நிரம்பிய குழாய்க்குள் இறங்கி மீண்டும் ஆவியாகும்போது உணவிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. இந்தக் குழாய் முதலில் ஃப்ரீசர் வழியாகவும், அதன் பிறகே கீழ்ப்பெட்டி வழியாகவும் செல்கிறது. ஆகவே இரண்டுக்கும் குளிரூட்டி ஒன்றுதான், கட்டுப்பாடும் ஒன்றுதான். வெப்பத்தை அளக்கும் சென்சார் கீழ்ப்பெட்டியில் இருப்பதால், ஃப்ரீசரை மட்டும் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பின்புறத்தில் வெப்பம் வெளியேறாவிட்டால், முன்புறத்தில் எந்த எண்ணை வைத்தாலும் பயனில்லை. உங்கள் கேள்விக்கு என் பதிலின் சாரம் இதுதான்.

அதனால் குளிர் அளவை மாற்றுவதற்கு முன் இரண்டு தெர்மாமீட்டர்கள் வாங்குங்கள். ஒன்றைக் கீழ்ப்பெட்டியின் நடுத்தட்டில் ஒரு குவளைத் தண்ணீருக்குள் வையுங்கள். கதவைத் திறந்தவுடன் காற்றின் வெப்பம் ஏறிவிடும், தண்ணீரின் வெப்பமே உணவின் உண்மை நிலையைக் காட்டும். மற்றொன்றை ஃப்ரீசரில் பொட்டலங்களுக்கு நடுவே செருகுங்கள். கீழ்ப்பெட்டி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. அது 4 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல். ஃப்ரீசருக்கு உரிய அளவு ஃபாரன்ஹீட்டில் 0, செல்சியஸில் மைனஸ் 18. இறைச்சி, மீன், பால், சமைத்த உணவு ஆகியவை 40 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு அதிகமாக இருந்திருந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், நோய் உண்டாக்கும் கிருமிகளுக்கு வாடை இருக்க வேண்டும் என்பதில்லை.

இனிப் பின்புறத்துக்கு வருவோம். வண்டியின் வெளிச்சுவரில் உள்ள கீழ்த்திறப்பு வழியாகக் காற்று நுழைந்து, குழாய்களைத் தழுவி, கூரைத் திறப்பு வழியாக வெளியேற வேண்டும். எங்கள் வண்டியில் குழாய்களுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்ததால், காற்று குழாய்களைத் தொடாமலே மேலேறிச் சென்றது. ஒரு தகரத் தகட்டை வளைத்துப் பொருத்தி அந்த இடைவெளியைக் குறுக்கி, மேற்பகுதியில் 12 வோல்ட்டில் ஓடும் கணினி விசிறிகள் இரண்டை மேல்நோக்கி வைத்த பிறகுதான், 110 டிகிரி வெயிலிலும் ஃப்ரீசர் உறைநிலையில் நின்றது. குளவிக் கூடும் தூசியும் அங்கே சேரும்; ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். நிறுத்தும்போது ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கத்தில் பிற்பகல் வெயில் படாதபடி நிறுத்துங்கள்.

வண்டி சமமாக நிற்பதும் அதே அளவு முக்கியம். உள்ளே திரவம் புவியீர்ப்பால் மட்டுமே ஓடுகிறது. சாய்ந்து நின்றால் அது தேங்கிச் சூடேறி, குழாய்க்குள் படிவை உண்டாக்கி நிரந்தரமாக அடைத்துவிடக்கூடும். ஓடும்போது வண்டி குலுங்குவதால் இந்தக் கவலை இல்லை. உயரமும் கணக்கில் வரும். சுமார் 5,500 அடிக்கு மேல் மெல்லிய காற்றில் புரொப்பேன் சுடர் பலவீனமாகும் என்பதால், அங்கே இயன்றவரை மின்சாரத்தில் ஓட்டுவது நல்லது. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு சுமார் 7,000 அடி உயரம்; அங்குள்ள மேதர் முகாமில் மின் இணைப்பு கிடையாது, டிரெய்லர் வில்லேஜ் என்ற முகாமில் உண்டு. மீனும் கறியும் நிறைய எடுத்துச் செல்லும் பயணங்களில் நாங்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறோம்.

உங்கள் கீரை உறைவதற்குக் காரணம், பெரும்பாலும் அது பின்சுவரில் உள்ள அலுமினியத் தகடுகளை ஒட்டி இருப்பதுதான். அந்தத் தகடுகள் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்திருக்கும். அங்கே ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். கீரையையும் தயிரையும் கதவுப் பக்கம் மாற்றுங்கள். தட்டுகளில் தாளோ துணியோ விரிக்காதீர்கள். மின்கலத்தில் ஓடும் சிறு விசிறி ஒன்றை உள்ளே வைத்தால் மேலும் கீழும் ஒரே அளவாகக் குளிரும். அதன் பிறகும் உறைந்தால் மட்டுமே சென்சாரைத் தொடுங்கள். பல மாடல்களில் அதைத் தகட்டில் மேலே தள்ளினால் குளிர் கூடும், கீழே இறக்கினால் குறையும்.

இந்த வகைப் பெட்டி குளிர்வதற்கு அரை நாளுக்கு மேல் ஆகும். ஆகையால் புறப்படுவதற்கு முந்தைய நாளே வீட்டு மின்சாரத்தில் இயக்கி, வீட்டு ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே குளிர்ந்த பொருட்களையே அதற்குள் அடுக்குங்கள். சுடச்சுடச் சாம்பார்ப் பாத்திரத்தை வைத்தால் மீண்டும் பழைய நிலைக்கு வரப் பல மணி நேரம் பிடிக்கும். தகடுகளில் பனி தடித்தால் அணைத்துவிட்டுத் தானாக உருக விடுங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள். பின்புறக் குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி வீசினாலோ குழாய் கசிகிறது என்று பொருள். கூடவே ஹைட்ரஜனும் கசிவதால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அப்போது மின்சாரம், புரொப்பேன் இரண்டையும் உடனே நிறுத்திவிட்டு, பழுது பார்ப்பவர் பார்க்கும்வரை மீண்டும் இயக்காதீர்கள்.