டிடிடி, ஃப்ளிட், ஓடிடி: பழைய டீபக்கர் பெயர்கள் – கேள்வி பதில்

அருண்: டிடிடி என்ற டீபக்கரின் (நிரலில் "பக்" எனும் பிழைகளைத் தேடும் கருவி) விரிவு ஒரு கையேட்டில் "டெக் டீபக்கிங் டேப்", இன்னொன்றில் "டைனமிக் டீபக்கிங் டெக்னிக்". எது சரி சார்?

பதில்: இரண்டும் சரிதான், காலம்தான் வேறு. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிடிபி-1 கணினிக்கு எழுதியபோது முதல் விரிவு. டெக் என்பது கணினியைத் தயாரித்த நிறுவனம். டேப், நிரல் ஏறிவந்த துளையிட்ட காகித நாடா. பிற்பாடு வேறு சாதனங்கள் வந்ததும் டேப் பொருந்தவில்லை. மூன்று எழுத்தையும் விட மனமில்லாமல் விரிவை மட்டும் மாற்றினார்கள். டெக்கின் பிடிபி-10 கையேட்டு அடிக்குறிப்பிலேயே இது இருக்கிறது. டிடிடி பூச்சிமருந்தோடு குழப்பம் வராது, இரண்டும் கொல்லும் பூச்சிகள் (ஆங்கிலத்தில் "பக்") வேறு என்ற கிண்டலோடு!

மீனா: அப்படியானால் பூச்சிமருந்துப் பெயர் தற்செயலா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே எம்.ஐ.டி.யில் டிஎக்ஸ்-0 கணினிக்கு ஸ்டாக்ஹாமும் ஜாக் டென்னிஸும் 1960இல் எழுதியது ஃப்ளிட்: "ஃப்ளெக்ஸோரைட்டர் இன்டராகேஷன் டேப்" (ஃப்ளெக்ஸோரைட்டர் ஒரு மின் தட்டச்சுப்பொறி). ஃப்ளிட்டும் கடையில் விற்ற பூச்சிமருந்துதான். நம் வீடுகளில் "ஃப்ளிட் அடி" என்போமே, அதே. அடுத்தடுத்த இரண்டு டீபக்கருக்கும் மருந்துப் பெயர் என்றால், பெயரை வைத்துவிட்டு விரிவைத் தேடியிருப்பார்கள் என்பதே என் கணிப்பு.

செந்தில்: டெக்கின் இன்னொரு டீபக்கரான ஓடிடியில் ஓ என்பது ஆக்டலா (எட்டடிமானம்), ஆன்லைனா?

பதில்: பிடிபி-8 கையேட்டில் ஆக்டல், பிடிபி-11இல் ஆன்லைன். எந்தக் கணினி என்று சொல்லாமல் வாதாடுவது வீண்.

கார்த்திக்: சிபி/எம் 2.2 என்ற பழைய இயங்குதளத்தில் டிடிடி கொண்டு நிரலைத் திருத்திச் சேவ் செய்தேன், பாதிதான் பதிவானது. ஏன் அண்ணா?

பதில்: (இங்கே விரிவு "டைனமிக் டீபக்கிங் டூல்".) பக்கக் கணக்கு (ஒரு பக்கம் 256 பைட்) தவறியிருக்கும். டிடிடி நிரலை ஏற்றியதும் "நெக்ஸ்ட்" என்று காட்டுவது நிரல் முடிந்த அடுத்த முகவரி. 1900 என்றால் கடைசி பைட் 18-ஆம் பக்கத்தில். ஆனால் அந்த 18 பதினாறடிமான எண். சேவ் கட்டளை கேட்பது பதின்ம எண். 24 என்று கொடுக்க வேண்டும். 18 கொடுத்தால் கடைசி 6 பக்கம், அதாவது 1,536 பைட், போய்விடும். கன்ட்ரோல்-சி அடித்து வெளியே வந்தவுடன் சேவ் செய்யுங்கள். இடையில் வேறு நிரலை ஓட்டினால் அது 0100இலிருந்து ஏறித் திருத்தத்தை அழித்துவிடும்.

மீனா: பிரேக்பாயின்ட் (நிரலை நடுவில் நிறுத்தும் இடம்) வைத்தால் இயந்திரமே உறைகிறது. ஏன்?

பதில்: டிடிடி பிரேக்பாயின்டுக்கு ஆர்எஸ்டி 7 கட்டளையை, அதாவது அது தாவும் 0038 முகவரியைப் பயன்படுத்துகிறது. உங்கள் இசட்80 செயலிப் பலகை இன்டரப்ட் மோட் 1இல் இருந்தால் சாதனங்களின் குறுக்கீடும் (இன்டரப்ட்) அங்கேயே வந்து விழும். ஆர்எஸ்டி 6க்கு மாற்றிய டிடிடியைப் போடுங்கள்.