ஸ்மோக் டிடெக்டருக்கு கீழ ஊதுபத்தி காட்டிட்டு போறாங்களே, அது போதுமா?

உங்க அபார்ட்மெண்ட்டுக்கு ஏஎம்சி (வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட்) ஆளுங்க வந்து ஊதுபத்தி கொளுத்தி நாலஞ்சு டிடெக்டருக்கு கீழ காட்டி, ஹூட்டர் (அலாரம் சைரன்) அடிச்ச உடனே கையெழுத்து வாங்கிட்டு கிளம்பிடறாங்க, இது சரியான்னு கேட்டிருக்கீங்க. சரியில்லங்க. ஊதுபத்தியை கூட விட்டுடலாம், அந்த "நாலஞ்சு"தான் எனக்கு உறுத்துது.

நானும் சென்னையில இதே ஃபயர் அலாரம் சர்வீஸ்லதான் இருக்கேன். ஆள் புடிக்க எழுதறான்னு கமெண்ட் போட ரெடியா இருக்கறவங்களுக்கு: கம்பெனி பேரு எங்கயும் வராது, தேடாதீங்க.

இப்ப போடற டிடெக்டர்ல பெரும்பாலும் உள்ள ஒரு கறுப்பு சேம்பர் இருக்கும், அதுல ஒரு பக்கம் இன்ஃப்ராரெட் எல்இடி, இன்னொரு பக்கம் வெளிச்சத்தை பார்க்கற சென்சார், ரெண்டும் நேருக்கு நேர் பார்க்காத மாதிரி கோணலா வச்சிருப்பாங்க. புகை உள்ள போனாதான் வெளிச்சம் சிதறி சென்சார்ல விழும், அலாரம் அடிக்கும். தூசி போனாலும் அதேதான், சின்னப் பூச்சி போனாலும் அதேதான். ஊதுபத்தி புகை உள்ள போய் அலாரம் அடிச்சா புகை போற வழி திறந்திருக்குன்னு தெரியுது, அந்த அளவுக்கு சரி, ஆனா அதோட பிசுக்கு சேம்பர்ல படியும், அதனால இதுக்குன்னே விக்கற டெஸ்ட் ஸ்ப்ரேயை நீளக் கம்புல கப் மாட்டி அடிக்கறதுதான் முறை. சில பேர் வெறும் காந்தத்தை மட்டும் பக்கத்துல காட்டி அலாரம் வரவைப்பாங்க. அது சர்க்யூட்டை மட்டும்தான் காட்டும், புகை உள்ள போகுதான்னு காட்டாது.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, கிண்டி பக்கம் ஒரு ஆபீஸ் பில்டிங்கை வேற ஒரு ஏஜென்சிகிட்ட இருந்து நாங்க எடுத்தோம். எல்லா டிடெக்டரையும் கவனிக்கற கன்ட்ரோல் பேனல்ல பச்சை லைட், சிஸ்டம் நார்மல், ஃபைல் நிறைய "ஆல் டிடெக்டர்ஸ் டெஸ்டட் ஓகே"ன்னு ரிப்போர்ட். "நம்ம பில்டிங்ல ஒரு ஃபால்ஸ் அலாரம் கூட வந்ததில்ல தம்பி"ன்னு அங்க இருந்த ஃபெசிலிட்டி மேனேஜர் ரொம்ப பெருமையா சொன்னாரு. மேல பார்த்தா ஒரு ஃப்ளோர்ல எந்த டிடெக்டர்லயும், வழக்கமா விட்டு விட்டு மினுக்கற எல்இடி மினுக்கவே இல்ல. பேனல்ல ஃபால்ட்டும் இல்ல. ஏணி போட்டு ஏறி கையை வச்சா பெயின்ட் உரியுது. அது டிடெக்டர் இல்லங்க, டிடெக்டர் மேல மாட்டற பிளாஸ்டிக் டஸ்ட் கேப்! சீலிங் வேலை நடக்கும்போது மாட்டினது, கழட்டவே இல்ல, பெயின்ட்டர் சீலிங்கோட சேர்த்து அதுக்கும் வெள்ளை அடிச்சுட்டு போயிருக்காரு. உள்ள டிடெக்டர் பெட்டியில இருந்து எடுத்த மாதிரி புத்தம் புதுசா இருக்கு. அதோட எலக்ட்ரானிக்ஸ் நல்லாத்தான் இருக்கு, லூப்ல (டிடெக்டர்களை பேனலோட இணைக்கற ஒயர்) பேனலுக்கு ஒழுங்கா பதில் சொல்லிட்டுத்தான் இருக்கு, அதனால பேனலுக்கு எல்லாம் நார்மல். ஃபால்ஸ் அலாரம் எங்க இருந்து வரும், ஃப்ளோரே எரிஞ்சாலும் வராது. ரிப்போர்ட்ல மட்டும் அத்தனையும் ஓகே.

அந்த ரிப்போர்ட் எழுதின டெக்னீஷியனை மட்டும் திட்டறதுக்கும் எனக்கு மனசு வரலங்க. பெரிய பெரிய அபார்ட்மெண்ட்ல எங்களை மெயின் லிஃப்ட்ல ஏற விடமாட்டாங்க, சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேர்னா ஏணியை தூக்கிட்டு படி ஏறணும், பாத்ரூம் எங்கன்னு கேட்டா செக்யூரிட்டி கேட்டுக்கு வெளிய கை காட்டுவாரு. நாய்க்கு லிஃப்ட் உண்டு. இது உங்க கேள்விக்கு சம்பந்தமில்லாததுதான், ஆனா எழுதாம விட முடியல.

சரி, உங்க விஷயம். என்எஃப்பிஏ 72ன்னு உலகத்துல நிறைய பேர் பார்க்கற ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல ஒவ்வொரு ஸ்மோக் டிடெக்டரையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது புகை உள்ள போற மாதிரி டெஸ்ட் பண்ணணும், அது போக சென்சிட்டிவிட்டியும், அதாவது எவ்வளவு புகைக்கு அலாரம் அடிக்குதுன்னும், தனியா பார்க்கணும்னு இருக்கு. நம்ம ஊருக்கு ஐஎஸ் 2189ன்னு இந்திய ஸ்டாண்டர்டே இருக்கேன்னு யாராவது வருவாங்க, இருக்குங்க, அதையும் பாருங்க, நாலஞ்சு பார்த்தா போதும்னு அதுவும் சொல்லல. டெஸ்டுக்கு முன்னாடி லிஃப்ட், ஏஹெச்யூ (ஏசி காத்தை அனுப்பற பெரிய மிஷின்) கனெக்‌ஷனை எல்லாம் பைபாஸ் பண்ணாங்களான்னு கேளுங்க, இல்லன்னா பாட்டி உள்ள இருக்கும்போது லிஃப்ட் பாட்டுக்கு கிரவுண்டுக்கு இறங்கிடும். மெயின் கரண்டை ஆஃப் பண்ணி பேட்டரியிலயும் ஹூட்டர் அடிக்க சொல்லுங்க. பேனலுக்குள்ள ரெண்டு 12 வோல்ட் பேட்டரி இருக்கும், நான் பார்த்த இடத்துல பாதி உப்பிப் போய்தான் கிடந்தது. அப்படியே பேனல் பஸ்ஸர் மேல யாராவது செல்லோடேப் ஒட்டியிருக்காங்களான்னும் பாருங்க, சிரிக்காதீங்க, நைட் ஷிஃப்ட்ல தூக்கம் கெடுதுன்னு ஒட்டுவாங்க.

கடைசியா, உங்களுது அட்ரஸபிள் பேனல்னா (ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி நம்பர் இருக்கறது) ஆளுங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஈவெண்ட் லாக்கை காட்ட சொல்லுங்க. எந்த டிடெக்டர் எத்தனை மணிக்கு அலாரம் குடுத்துச்சுன்னு வரிசையா இருக்கும், அதை உங்க டிடெக்டர் லிஸ்ட்டோட ஒத்துப் பாருங்க. பழைய கன்வென்ஷனல் பேனல்னா ஸோன், அதாவது எந்தப் பகுதின்னு மட்டும்தான் தெரியும், கூடவே நடந்து ஒவ்வொண்ணுலயும் சிவப்பு லைட் நின்னு எரியுதான்னு நீங்கதான் பார்க்கணும். லிஸ்ட்ல பாதி லாக்ல இல்லன்னா பில்லை நிறுத்தி வைங்க. எல்லாம் இருந்துச்சுன்னா, செக்ரட்டரி ஊர்ல இல்ல, அடுத்த மாசம் வாங்கன்னு இழுக்காம அன்னைக்கே செக்கை குடுத்துடுங்க.