சென்னை–லண்டன்: டிக்கெட்டில் ஆறு மணி நேரம்தான் காட்டுதா?

அம்மா டிக்கெட்டில் காலை 5.30-க்குக் கிளம்பி 11.30-க்கு லண்டன் சேர்றதா போட்டிருக்கு, ஆறே மணி நேரமான்னு கேட்டிருந்தீங்க. இல்லைங்க. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். ஜூன் மாசம் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால. அங்கே 11.30-ன்னா மீனம்பாக்கத்தில் மாலை 4. ஆக, பயணம் பத்தரை மணி நேரம். (குளிர்காலத்தில் வித்தியாசம் அஞ்சரை, அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாத்திடுவாங்க.)

தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். மணிக்கு 900-ன்னு வகுத்து நீங்க போட்ட ஒன்பது மணி நேரக் கணக்கு தப்பில்லை, ஆனா விமானம் அளவுகோல் வச்ச மாதிரி பறக்காது. மேற்கே போறப்ப எதிர்க்காற்று. மூடிய வான்பரப்பைச் சுத்திப் போகணும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போற நேரமும் இதில் சேரும். திரும்பி வரும்போது பெரும்பாலும் காற்று பின்னாலிருந்து தள்ளும், கொஞ்சம் சீக்கிரமே வந்துடலாம்.

அம்மாவுக்குச் சர்க்கரைன்னு எழுதியிருந்தீங்களே, எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது. இன்சுலின், மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டா, விமானத்தோட அடியில் சாமான் வைக்கிற இடத்துக் குளிர்ல இன்சுலின் உறைஞ்சிடலாம். எந்த ஊர் நேரப்படி போடணும்னு டாக்டரை முன்னாடியே கேட்டுடுங்க. வீல்சேர் இப்பவே பதிவு பண்ணுங்க. எங்க அம்மா வீம்புக்கு வேண்டாம்னுட்டு, இறங்கின பிறகு நடந்தே களைச்சுட்டாங்க.