கொரோனா நேரத்தில் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போனவர்கள், இப்போது அதை நினைத்து வருத்தப்படுகிறீர்களா?

2020 ஜூலையில் போனோம். போனதற்கு வருத்தம் இல்லை. வேறொன்றுக்கு இருக்கிறது, அது கடைசியில்.

கேட்ட விதத்தைப் பார்த்தால், நீங்களும் அப்போது எங்கேயோ போய்விட்டு வந்து சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள் போல. இல்லாவிட்டால் போகாமல் வீட்டிலேயே கிடந்துவிட்டு, போனவர்கள் மேல் கடுப்பில் இருக்கிறீர்களோ என்னவோ. எதுவானாலும், “ஊரே செத்துக்கிட்டு இருக்கறப்ப உங்களுக்கு உல்லாசம் கேக்குதா” என்று கமெண்டில் எழுதக் கை துறுதுறுப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அப்போதே ஒருத்தர் எழுதியாயிற்று.

நாங்கள் இருப்பது மினியாபொலிஸ் பக்கத்தில், ஈடன் ப்ரெய்ரியில். அந்த ஜூனில் கும்பகோணம் போவதாக இருந்தது, மூன்று வருஷம் கழித்து. மார்ச் கடைசியில் இந்தியா விமானங்களை நிறுத்தியதும் அது போச்சு. நான்கு டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜெண்ட், பணம் திரும்பி வராது, வவுச்சர்தான் என்றார். சரி என்றோம். அதிலும் ஆளுக்கு இவ்வளவு என்று சர்வீஸ் சார்ஜ் பிடித்தார். அந்த வவுச்சர் ஒரு வருஷத்தில் காலாவதி. ஒரு வருஷத்துக்குள் யாரால் ஊருக்குப் போக முடிந்தது? நான் அனுப்பிய மெயில்களை அச்சடித்தால் ஒரு நாவல் கனம் வரும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட். வீட்டுக்காரர் துணி அலமாரி அறைக்குள் மடக்கு மேஜை போட்டு மீட்டிங் பேசுவார். மே மாதக் கடைசியில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலை. அதன்பின் ஊரடங்கு, ராத்திரியெல்லாம் ஹெலிகாப்டர். எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் நாலு வயசுச் சின்னது அந்தச் சத்தத்துக்கு எழுந்து அழும். பெரியவனுக்கு ஒன்பது. ஜூலையில் கிளம்பலாம் என்று ஷூவை எடுத்தால் காலே நுழையவில்லை. மார்ச்சுக்கு அப்புறம் அவன் ஷூ போடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் நம்ப வேண்டாம், ஆனால் அந்த ஷூதான் எங்களைக் கிளப்பியது.

திட்டம் இதுதான்: 169-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போய், ப்ளூ எர்த் என்ற ஊரில் ஐ-90 நெடுஞ்சாலையைப் பிடித்து, மேற்கே தெற்கு டகோட்டா மாநிலம். ஓட்டல் கிடையாது, உணவகம் கிடையாது. கூடாரம், இரட்டை அடுப்பு, புளிக்காய்ச்சல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பிறகு மூடி போட்ட ஒரு பக்கெட். பக்கெட் எதற்கு என்று விளக்க மாட்டேன். பொதுக் கழிப்பறை என்றாலே நடுங்கிய காலம் அது.

வழியில் பார்ப்பதெல்லாம் காரிலிருந்தோ, கொஞ்சம் தள்ளி நின்றோதான். ப்ளூ எர்த்தில் 55 அடி உயரத்தில் ஒரு பச்சை ராட்சதன் சிலை, டப்பா பட்டாணி விளம்பரத்து ஆள். மிட்சலில் மக்காச்சோளக் கதிராலேயே சுவர் முழுக்கப் படம் ஒட்டிய அரண்மனை. எதிர்ச் சாரியில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினோம். சேம்பர்லினில் மிசௌரி ஆற்றுக்கு மேலே ‘டிக்னிட்டி’ சிலை. 2016-ல் வைத்தது, 50 அடி. பூர்வகுடிப் பெண் ஒருத்தி நட்சத்திரப் போர்வையை விரித்தபடி நிற்கிறாள். போர்வையில் பதித்த நீலத் துண்டுகள் காற்றில் அசைகின்றன. ஜனாதிபதிகள் முகத்தைச் செதுக்கிய ரஷ்மோர் மலையைவிட இதைத்தான் சின்னது இன்னும் சொல்கிறாள்.

அப்புறம் ‘வால் ட்ரக்’ என்ற கடையின் விளம்பர போர்டுகள். நூற்றுக்கணக்கான மைலுக்குச் சாலையோரம் அதுதான்: ‘ஐஸ் தண்ணீர் இலவசம்’, ‘காபி 5 சென்ட்’. 1931-ல் வால் என்ற குட்டி ஊரில் ஒருத்தர் மருந்துக்கடையை வாங்கினாராம், ஈ ஓட்டினாராம். 1936 கோடையில் அவர் மனைவிதான், வெயிலில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்போம், போர்டு வை என்றாராம். “தண்ணி ஓசியா குடுக்கறதுக்கு இவ்வளவு போர்டா?” என்றான் பெரியவன். நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தலைச் சொன்னேன், அங்கே மோரே கிடைக்கும் என்றேன். நாற்பத்தேழு போர்டு எண்ணினான். வாசலுக்குப் போய்ப் பார்த்தால் உள்ளே கூட்டம், பாதிப்பேர் முகத்தில் மாஸ்க் இல்லை. அந்த மாநிலத்தில் ஊரடங்கே போடவில்லை. இறங்காமல் திரும்பினோம். அவன் அழுத அழுகை!

பைன் ரிட்ஜ் பூர்வகுடிப் பகுதிப் பக்கம் போகவே இல்லை. அங்கிருக்கும் ஓக்லாலா சூ மக்கள் தங்கள் எல்லைச் சாலைகளில் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். கவர்னர் எடுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. நம் கிராமங்களில் அந்த ஏப்ரலில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார்களே, அதேதான். தங்கள் கிழவன் கிழவியைக் காப்பாற்ற நிற்கிறவர்களிடம் “நாங்க சும்மா பாத்துட்டுப் போயிடறோம்” என்று எந்த முகத்தோடு போய் நிற்பது?

பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு வெளியே ஒரு தனியார் மைதானத்தில் கூடாரம் போட்டோம். மண் செங்கல் மாதிரி. கூடாரத்தோடு வந்த முளைகள் அரை சாண்கூட இறங்காமல் வளைந்தன. ராத்திரி ஒரு மணிக்குக் காற்று ஆரம்பித்தது. கூரை எங்கள் முகத்தில் வந்து அறைந்தது, ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு படபடவென்று அடித்தது. குழந்தைகளை வாரிக்கொண்டு வண்டிக்கு ஓடினால், பக்கத்து ஆர்வீ-யிலிருந்து (தங்கும் வசதியுள்ள வண்டி) எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரத் தாத்தா பனியனோடு ஓடி வந்து கம்பியைப் பிடித்தார். எனக்கு முதலில் தோன்றியது நன்றி இல்லை. மாஸ்க் இல்லை என்பதுதான். சின்னதின் முகத்தை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். கம்பியை மெதுவாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய், அங்கிருந்தே டார்ச் அடித்துக்கொண்டு நின்றார்.

காலையில் எங்கள் மேஜைமேல் ஒரு சுத்தியலும் எட்டு நீள இரும்பு முளைகளும் இருந்தன. அவற்றைக் கிருமிநாசினித் துணியால் துடைத்துவிட்டுத்தான் தொட்டோம். அவர் தன் வண்டிப் படியில் உட்கார்ந்து காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் இப்படிப் போகலாம் என்று நான் சொல்லவே இல்லை. திரும்பி வந்து பதினாலு நாள் கடைக்குக்கூடப் போகவில்லை. ஆகஸ்டில் அதே பக்கம் ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழாவில் லட்சக்கணக்கில் கூடினார்களே, தயவுசெய்து எங்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது அந்த வருத்தம். இரண்டாம் நாள் சாயங்காலம் எட்டு மணிக்குக் கூடாரத்துக்குள் இருக்கும்போது அம்மா வீடியோ கால். கும்பகோணத்தில் காலை ஏழரை. மாவட்டம் தாண்ட இ-பாஸ், கோயில் மூடி நாலு மாசம். அம்மா வாசலைத் தாண்டியே நாளாகியிருந்தது. வெயில் பட்டு எங்கள் ஆரஞ்சுக் கூடாரம் தகதகவென்று இருந்தது.

“என்னடி, செவத்துக்கு இந்தக் கலர அடிச்சிருக்கீங்க?”

“ஆமாம்மா, புதுசா அடிச்சோம்” என்றேன். வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பத்து நாளில் என் நாத்தனார் எங்கள் படத்தைக் குழுவில் போட்டார், பின்னால் ரஷ்மோர் மலையோடு. வசவு வந்தது அப்போதுதான். அம்மா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார். குழந்தைகள் சாப்பிட்டார்களா, அங்கே மழையா என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைக்கும்போது சொன்னார்: “போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பிள்ளைங்க பாவம், எவ்வளவு நாள்தான் உள்ளயே கெடக்கும். செவுருன்னு ஏன்டி சொன்னே?”